மழைக்கும் வெயிலுக்கும் ஒரு பேண்ட்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பேண்ட் வாங்க நான் பட்ட பாட்டை, நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூடப் படமாட்டேன். மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கலாம். பேண்ட்டைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது?

உண்மையில் கவலை பேண்ட்டைப் பற்றி இல்லை, காலைப் பற்றி. வைகாசியில் அவருடைய வலது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. செருப்பு கடித்து ஒரு கொப்புளம் வந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியவே இல்லை. நான் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்த டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இந்தத் தடவை விரலோட போச்சு. இன்னொரு புண்ணு வந்தா எதுவரைக்கும் எடுக்கணும்னு எனக்கே தெரியாது. கால் நனையக் கூடாது, வேர்த்து ஊறக் கூடாது, ஒரு கீறல் படக் கூடாது" என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அரைத் தூக்கம்தான்.

வீட்டோடு இருக்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. ரத்தினவேல் என்று பெயர் சொன்னால் குன்றாண்டார்கோவில் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. சினை ஊசி போடுகிறவர் என்றால் மாட்டுக்கே தெரியும். வண்டியின் பின்னால், விந்தை உறைய வைத்திருக்கிற நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் அரை நாள், முக்கால் நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கணும். அதனால் போன் வந்துவிட்டால் வெயிலா மழையா என்று பார்க்கமாட்டார். "மாட்டுக்கிட்ட போயி மழை விட்டதும் வாரேன்னா அது கேக்குமா?" என்பார்.

ஆவணியில் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பட்டது தெரிந்தால் 'இப்ப' என்று சொல்ல வேண்டும். டாக்டர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் துருப்பிடித்தது, அவர் குனியும்போதெல்லாம் கிரீச் என்று கத்தியது. இவ்வளவு பெரிய டாக்டருக்கு அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்லையா என்று எனக்கு எரிச்சல். ஆனால் என் வீட்டுக்காரர் 'இப்ப', 'இப்ப' என்று பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"பரவாயில்லையே, உணர்ச்சி இருக்கு. வண்டி ஓட்டுங்க" என்றார் டாக்டர். "ஆனா உணர்ச்சி போயிருச்சுன்னா அன்னைக்கே சாவியக் குடுத்துடணும். வலது கால்தான் பிரேக்கு. மிதிச்சோமா இல்லையான்னு தெரியாம மிதிச்சா உங்களுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் சிரிப்பு போய்விட்டது. எங்கள் பக்கத்து ஐப்பசி ஒரு நிலையில் நிற்காது. பத்து மணிக்குத் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது, இரண்டு மணிக்கு அதே ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடும். கீரனூரில் கொட்டுகிறது என்று போன் வரும், இங்கே துணி மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். இந்த வானத்துக்குக் கீழே நனையாமலும் வேகாமலும் கீறாமலும் ஒரு காலைக் காப்பாற்ற என்ன உடை இருக்கிறது?

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அது எங்கள் வேலையில் விதி. பதினாறு வருஷமாக அதே பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவர் ஷூ போடுவதற்கு முன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்க்காமல் கொடுக்கமாட்டேன். பேண்ட்டையும் அப்படித்தான், முதலில் நான் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வந்தது சந்தையில் விற்கிற பிளாஸ்டிக் மழை பேண்ட். சேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நைட்டிக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு மாடியில் வற்றல் காயப்போட வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வற்றலை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கழற்றியபோது என் கெண்டைக்கால் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. எனக்கே இப்படியென்றால் அவர் தோல் என்னத்துக்கு ஆகும்? அதை அன்றைக்கே உரச் சாக்கை மூடக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் என் மகள் காவ்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போனிலேயே ஒன்றை வரவழைத்தாள். வலை வலையாகக் காற்றோட்டமான துணி, முட்டியில் கெட்டியான திண்டு. வெயிலுக்கு அருமை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன், மறுபக்கம் வந்து தரையை நனைத்தது. திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் புதுக்கோட்டைக்கே போய்விட்டோம். ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிற கடை, கவியரசன் என்பவர் வைத்திருக்கிறார். பனிமலை முன்னால் பைக்கோடு நிற்கிற அவர் படம் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. நான் காலின் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல உள்ளுக்குள்ள ஒரு மழைத் துணி இருக்குக்கா. வெயில்ல கழட்டி வச்சுக்கலாம், மழை வந்தா உள்ள மாட்டிக்கலாம்" என்று ஒன்றை எடுத்துப் போட்டார்.

"உள்ள மாட்டணும்னா பேண்ட்டையே கழட்டணுமே தம்பி?"

"ஆமாக்கா. பெட்ரோல் பங்க், டீக்கடைன்னு எங்கயாச்சும் ஒதுங்கி…"

"இவரு போறது எல்லாம் கொல்லைக்காடு. நடு ரோட்டுல பேண்ட்டக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

என் வீட்டுக்காரர் "மாடுக பாத்தாச் சிரிக்கும்" என்றார். கவியரசனும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே அந்நேரம் வெயிலில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்ன யோசனைதான் எனக்குப் பிடித்தது. வெயிலுக்கு வலைத்துணி பேண்ட். அதற்கு மேலே மாட்டிக்கொள்ள, தனியாக ஒரு மழை பேண்ட். மழை பேண்ட்டில் கணுக்காலிலிருந்து தொடை வரை பக்கவாட்டில் ஜிப். ஷூவைக் கழற்றாமலே ஒரு நிமிஷத்தில் போட்டுக் கழற்றலாம். கறுப்பு வேண்டாம் என்று, தலைத் தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல நான் அடம்பிடித்ததில் சாம்பல் நிறத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டையும் போட்டுக்கொண்டு, உள்ளே காலைச் சுற்றித் தினசரித் தாளைக் கட்டிக்கொண்டு, துவைக்கிற கல்மேல் நின்றேன். இவர் வாளி வாளியாக ஊற்றினார். தாளை உருவிப் பார்த்தால் ராசிபலன்கூட நனையவில்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரே குறை, வலைத்துணி பேண்ட் நாலு விரல் நீளம். இவர் குள்ளம். முட்டித் திண்டு முட்டியில் நிற்காமல் கீழே இறங்கியது. சனிக்கிழமை மத்தியானம் வீரய்யா அண்ணனிடம் கொண்டுபோனோம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல் கடை. இந்த ஊரில் எந்தக் கடையில் எடுத்த பேண்ட்டும் கடைசியில் அவர் மிஷினில் ஏறி இறங்கித்தான் காலுக்குப் போகும். இவரை ஸ்டூல்மேல் நிற்கவைத்து, மடித்து, காலுக்கு மூன்றாக ஆறு குண்டூசி குத்தினார். சிவப்புத் தலை வைத்த ஊசிகள்.

"மிச்சத்த வெட்டிரவா தங்கச்சி?"

"ஐயையோ வெட்டிறாதீங்கண்ணே. அப்புடியே உள்ள மடிச்சு அடிங்க. துவைச்சாச் சுருங்கும், அப்பப் பிரிச்சு விட்டுக்கலாம்."

அந்தத் துணி எத்தனை தண்ணீர் பட்டாலும் சுருங்காது என்று கவியரசன் சொல்லியிருந்தார். அதெல்லாம் காதில் ஏறுமா? என் அம்மா மடித்துத்தான் அடித்தாள், நானும் மடித்துத்தான் அடிப்பேன். துணியை வெட்ட எங்களுக்குக் கை வராது. வீரய்யா அண்ணன் நாலு விரல் துணியையும் உள்ளே இரண்டு மடிப்பாக மடித்துத் திண்டு மாதிரி அடித்தார்.

இடது கால் முடிந்து வலது கால் மிஷினில் இருக்கும்போதே இவருக்குப் போன். ஆவூர்ப் பக்கம் அழகம்மாள் வீட்டு மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். இவர் அவசரப்படுத்தினார். அண்ணனும் அவசரமாக அடித்து, நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தார். இவர் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஒரு தடவ நான் போட்டுப் பாத்துர்றேன்" என்றேன்.

"அன்னைக்கே கல்லு மேல ஏறி நின்னு பாத்தியே, அது பத்தாதா? நாலு விரல் மடிச்சதுல என்னத்தப் பாக்கப் போற?"

நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் தைத்தது, இத்தனை வருஷமாகத் தைக்கிறவர். விட்டுவிட்டேன். பதினாறு வருஷத்தில் ருசி பார்க்காமல் பரிமாறியது அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கு ஆவூர்த் திசையில் வானம் கறுத்தது. பெய்யட்டும், இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர்கூட வந்தது. துணிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது போன் அடித்தது. வீரய்யா அண்ணன்.

"தங்கச்சி, மாப்ள வந்துட்டாரா?"

"இன்னும் வரலண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல… குண்டூசிய உருவி ஒட்டுற காந்தத்துல அஞ்சுதான் இருக்கு, ஒண்ணக் காணோம். கடை பூராப் பெருக்கிட்டேன். மிஷினுக்கு அடியிலயும் இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த துணியெல்லாம் படியில் கிடந்தது.

உடனே ஒரு சமாதானம் வந்தது. குத்தினால் தெரியாமலா இருக்கும்? டாக்டரிடம் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னவர் ஆயிற்றே. சுருக் என்றால் வண்டியை ஓரங்கட்டி எடுத்து எறிந்திருப்பார். அடுத்த நிமிஷமே அந்தக் கொப்புளம் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும்தான் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததா? போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வண்டிப் பையில் போட்டுவிடுவார், மாட்டுக்குள் கையை விட்டிருக்கிறவர் எப்படி எடுப்பார்? ஏழு தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொம்பளைக் குரல் வந்து அவர் எடுக்கவில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அண்ணனே தன் டிவிஎஸ் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. "ஏறு தங்கச்சி" என்றார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் மழை பேண்ட்டும் இல்லை, ஒரு சாக்கும் இல்லை. ரோடு தெரியவில்லை. அண்ணன் வழி நெடுக "மடிப்புக்குள்ளதான் போயிருக்கும், கெட்டி மடிப்பு, வெளிய வராது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். வெட்டியிருந்தால் மடிப்பே இருந்திருக்காது. மடிக்கச் சொன்னது நான். எதிரே ஒரு லாரி வந்தபோது அண்ணன் பிரேக் பிடித்தார், எனக்கு என் வீட்டுக்காரருடைய வலது கால் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மிதி, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து. கருப்பா, குத்தாமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன். அப்புறம், குத்தினால் வலிக்கட்டும் என்று மாற்றி வேண்டினேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. அழகம்மாள் வீட்டுக் கொட்டகையில் வேலை முடிந்து இவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அடியே, பேண்ட்டப் பாக்க இம்புட்டுத் தூரமா வந்த? பாரு, அடிச்ச மழைக்கு ஒரு சொட்டு உள்ள போகல!"

காலைத் தூக்கிக் காட்டினார், சின்னப்பிள்ளை மாதிரி.

அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மழை பேண்ட்டின் ஜிப்பை இறக்கினேன். உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது, அவர் சொன்னது உண்மைதான். வலைத்துணியின் மடிப்பைத் தடவினேன். உள்பக்கத்தில் என் விரலில் சுருக் என்று பட்டது. தலை மடிப்புக்குள் மாட்டிக்கொண்டு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. ஒரு குத்து இல்லை. பிரேக் மிதிக்க மிதிக்க மேலும் கீழுமாகக் கீறி, பூனை பிறாண்டியது போல நாலைந்து கோடு. ஒன்று ஆழம்.

வீரய்யா அண்ணன் "ஐயோ மாப்ளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய்விட்டார். அழகம்மாள் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கழுவினேன். பாதித் தண்ணீர் என் மடியில்தான் கொட்டியது.

"வலிச்சுச்சா?" என்றேன்.

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோய்க் கிடந்தது. பிறகு, "சுருக்குனு இருந்துச்சு. வேல அவசரத்துல என்னன்னு பாக்கல" என்றார்.

நம்பிவிடத்தான் எனக்கு ஆசை. பத்துக்கு எட்டு. நம்பிவிட்டால் துணியைக் கட்டிவிட்டு, அண்ணனை நாலு திட்டு திட்டிவிட்டு, மருந்துக் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை அவர் பாட்டுக்கு மாட்டுக்குப் போவார், நான் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போவேன்.

"கண்ண மூடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மூடுங்க. தெரிஞ்சா 'இப்ப'ன்னு சொல்லுங்க."

மூடினார். நான் கீழே கிடந்த ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வளையல் குலுங்கியது.

"இப்ப" என்றார்.

துரும்பு அவர் பாதத்துக்கு ஒரு ஜாண் தள்ளி இருந்தது.

நிமிர்ந்துவிட்டு மறுபடியும் குனிந்தேன், தொடவில்லை. வளையல் குலுங்கியது. "இப்ப" என்றார் திரும்பவும், நல்ல பிள்ளையாக. டாக்டரின் ஸ்டூல் என் காதுக்குள் கத்தியது. கிரீச், இப்ப. கிரீச், இப்ப. பஸ்ஸில் வரும்போது நான் எதற்காகச் சிரித்தேன்? இவர் எதற்காகச் சீட்டியடித்தார்? எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எத்தனை மாதமாக இந்த மனுஷன் எதைக் கேட்டுக் கேட்டுப் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தார்?

இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒருவேளை, ஒரே ஓர் இடத்திலாவது. நான் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகச் சத்தம் வராமல் கழற்ற ஆரம்பித்தேன். புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வளையலைக் கழற்றுகிறேனே என்று அழகம்மாள் பதறி வாயில் கை வைத்தாள். பேசாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். கல்யாணத்தன்று போட்ட கை, காவ்யா பிறந்தபோதுகூட வெறுங்கையாக இருந்ததில்லை. கடைசி வளையலையும் மடியில் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். மாடு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

துரும்பால் குதிகாலைத் தொட்டேன். பெருவிரலைத் தொட்டேன். சுண்டுவிரல் இருந்த இடத்தைத் தொட்டேன். துரும்பைப் போட்டுவிட்டு நகத்தால் கோடு போட்டேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, மூடிய கண்ணோடு காத்திருந்தார். கடைசியில் இரண்டு கையாலும் பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா வனிதா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க. சாவியக் குடுங்க" என்றேன்.